தைராய்டுச் சோதனை: நிபுணரிடம் அனுப்ப வேண்டியது எப்போது?

கழுத்தைப் பார்த்தே நோயை அறிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. இமயமலையின் அடிவாரத்துக் கிராமங்களில் முன்கழுத்துக் கழலை எவர் கண்ணுக்கும் புலப்படக்கூடியதாக இருந்தது. அதைக் கண்டறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. இன்று நிலைமை வேறு. கழுத்தில் யாதொரு வீக்கமும் இல்லாதவர் கையில் ஒரு சோதனைச் சீட்டு இருக்கிறது. அதில் ஓர் எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. அதைக் கண்டு அஞ்சிய குடும்பத்தார், அருகிலுள்ள சுகாதார ஊழியரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ சீட்டை நீட்டி, பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டுமா என்று வினவுகின்றனர். இக்கேள்விக்குத் தக்க விடை கூறுவது எளிதன்று. போகவேண்டாதவரை அனுப்பினால் அவருக்கு ஒரு நாள் கூலியும் பயணச் செலவும் நட்டம்; போகவேண்டியவரை நிறுத்திவைத்தாலோ, சில சமயங்களில் ஓர் ஆயுட்காலம் முழுவதுமே நட்டமாகிவிடும்.

டில்லியில் இக்கேள்வி மிகவும் கூர்மையாக எழுகின்றது. தலைநகரின் பெரிய மருத்துவமனைகளுக்கு நகரத்து மக்களேயன்றி, உத்தரப் பிரதேசம், பீகார், ஹரியானா முதலிய மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் இரவு ரயிலேறி வந்து சேர்கின்றனர். அங்கே நாளமில்லாச் சுரப்பிப் பிரிவின் வரிசையில் நிற்பவர்களுள், சற்றே உயர்ந்த ஓர் எண்ணைத் தவிர வேறு குறை இல்லாதவர் பலர் இருப்பர். அதே வரிசையில், மூன்று வாரம் முன்னரே வந்திருக்கவேண்டிய கைக்குழந்தை ஒன்றும் இருக்கக்கூடும்.

கழலையிலிருந்து சோதனைச் சீட்டுக்கு

இந்நாட்டில் தைராய்டு நோய்களைப்பற்றிய அறிவு வளர்ந்ததில் டில்லிக்குத் தனி இடம் உண்டு. பிற்காலத்தில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின், அதாவது எய்ம்ஸின், இயக்குநராக விளங்கிய டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடன் பணியாற்றியோரும் 1956ஆம் ஆண்டில் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கினர். ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த அப்பகுதி மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு வட்டாரங்களுக்கு அயோடின் சேர்த்த உப்பும் மூன்றாவதற்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளுக்குள் முதலிரண்டிலும் கழலை வெகுவாகக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. பின்னர் மூன்றாவது வட்டாரத்துக்கும் அயோடின் உப்பு கொடுக்கப்பட்டபோது அங்கும் அது குறையலாயிற்று. அரசாங்கத்தின் கழலைத் தடுப்புத் திட்டம் 1962இல் தொடங்கியதற்கு இவ்வாய்வு உறுதியான அடிப்படையாக அமைந்தது. அத்திட்டமே 1992இல் அயோடின் குறைவு நோய்கள் அனைத்தையும் தடுக்கும் திட்டமாக விரிந்தது. 2006ஆம் ஆண்டு மே மாதம் முதல், மனிதர் நேரே உண்பதற்கான உப்பில் அயோடின் இருத்தல் வேண்டும் என்பது நாடெங்கும் சட்டமாக உள்ளது.

பெயர் மாறியதற்கு ஒரு காரணம் இருந்தது. 1980களில் எய்ம்ஸைச் சேர்ந்த டாக்டர் என். கோச்சுப்பிள்ளை முதலியோர், பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தனர். இமய அடிவாரத்தை ஒட்டிய உத்தரப் பிரதேச மாவட்டங்களில் தைராய்டுக் குறைவுடன் பிறந்த குழந்தைகளின் விகிதம் திடுக்கிடத்தக்க அளவில் இருந்தது. டில்லியில் அது மிகக் குறைவே. ஆயினும் கடலோரமான கேரளத்தைவிட அதிகம். கழலை என்பது வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே என்பதும், உண்மையான இழப்பு குழந்தையின் மூளையில் நிகழ்கிறது என்பதும் இதனால் ஐயமற விளங்கின.

அயோடின் குறைவு பெரிதும் நீங்கிய பின்னரும் தைராய்டு நோய் மறைந்துவிடவில்லை. டில்லி, சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஓர் ஆய்வில், சோதிக்கப்பட்ட பெரியவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினொருவருக்குத் தைராய்டுக் குறைவு காணப்பட்டது. இன்று இதற்கு முதன்மையான காரணம், உடலின் தற்காப்பு ஆற்றலே சுரப்பியைத் தாக்குவதாகும். நூற்றுக்குப் பதினொருவர் என்றால், அத்தனை பேரையும் நிபுணர்கள் பார்ப்பது இயலாத காரியம்; அது தேவையும் இல்லை. பெரும்பாலோருக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்து மருத்துவரே போதுமானவர்.

இரண்டு எண்கள்

குரல்வளையின் முன்னே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்துள்ள தைராய்டுச் சுரப்பி, தைராக்ஸின் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றது. உடலின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு விரைவாக வேலை செய்யவேண்டும் என்பதை இது நிர்ணயிக்கின்றது. தைராய்டுக்கு மேலதிகாரி போன்றது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி. ரத்தத்தில் தைராக்ஸின் குறைந்தால், ‘இன்னும் சுரப்பாயாக’ என்று தைராய்டைத் தூண்டும் ஹார்மோனைப் பிட்யூட்டரி மிகுதியாக வெளிவிடுகிறது. தைராக்ஸின் மிகுந்தால் தூண்டுதலை நிறுத்திவிடுகிறது. இத்தூண்டு ஹார்மோனே சோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். என்று குறிக்கப்படுவது.

தைராக்ஸின் சிறிதளவே குறைந்தாலும் டி.எஸ்.எச். பல மடங்கு உயர்ந்துவிடும். ஆதலால் முதற் சோதனையாக அதையே எடுப்பது வழக்கம். பெரியவர்களுக்கு அது பொதுவாக லிட்டருக்கு 0.4 முதல் 4 மில்லி யூனிட் வரை இருக்கும். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் எல்லை சற்று மாறும். டி.எஸ்.எச். உயர்ந்து தைராக்ஸினும் தாழ்ந்திருந்தால் சுரப்பி தோல்வியுற்றிருக்கிறது. டி.எஸ்.எச். மட்டும் உயர்ந்து தைராக்ஸின் சரியாக இருந்தால், சுரப்பி சிரமத்துடனேனும் தன் வேலையைச் செய்துவருகிறது. டி.எஸ்.எச். அடியோடு தாழ்ந்து தைராக்ஸின் உயர்ந்திருந்தால் ஹார்மோன் மிகுதி. இம்மூன்றும் எதிர்பார்க்கத்தக்கவை. ஆனால் இரண்டும் ஒருங்கே தாழ்ந்திருப்பதும், இரண்டும் ஒருங்கே உயர்ந்திருப்பதும் இயல்புக்கு முரணானவை. முன்னதில் மேலதிகாரியான பிட்யூட்டரியே நோயுற்றிருக்கலாம். பின்னதில் அரிய நோய் ஒன்று இருக்கலாம். சோதனையே பிழைபட்டிருக்கவும் கூடும். இவ்விரண்டு அமைப்புகளும் எண் சிறியதா பெரியதா என்று பாராமல் நிபுணரிடம் செல்லவேண்டியவை.

காத்திருக்கக் கூடாத குழந்தை

எல்லாவற்றினும் அவசரமானது பிறந்த குழந்தையின் நிலை. இந்தியாவில் ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளில் ஒன்று, தைராய்டு இல்லாமலோ போதிய அளவு சுரக்காமலோ பிறக்கிறது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் மூளை வளர்வதற்குத் தைராக்ஸின் இன்றியமையாதது. இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கப்பெற்ற குழந்தை ஏனைய குழந்தைகளைப் போலவே வளர்ந்து பள்ளிக்குச் செல்கிறது. சில மாதம் தாமதித்தால் பின்னர் எவ்வளவு மருந்து கொடுத்தாலும் இழந்த அறிவு முழுவதும் திரும்புவதில்லை. விலை மலிந்த ஒரு மாத்திரையைக் கொண்டு மந்தபுத்தியை முற்றிலும் தடுக்கக்கூடிய நோய்கள் மருத்துவ நூல்களில் மிகச் சிலவே உள்ளன.

துன்பம் யாதெனில், பிறந்தவுடன் இக்குழந்தையிடம் குறை ஏதும் தெரிவதில்லை. கருவிலிருந்தபோது தாயின் தைராக்ஸின் அதைக் காத்திருக்கிறது. வாரங்கள் செல்லச் செல்ல மஞ்சட்காமாலை நீங்காமல் நீடிக்கும், மலச்சிக்கல் ஏற்படும், அழுகுரல் கரகரக்கும், நாக்குப் பருத்துத் தோன்றும், தொப்புள் பிதுங்கும், தோல் குளிர்ந்து உலர்ந்திருக்கும். பாலுக்கு எழுப்பினால்தான் எழும். ‘அழாமல் கிடக்கும் சமர்த்துக் குழந்தை’ என்று தாயும் பாட்டியும் மகிழ்வதுண்டு. வீட்டுக்கு வீடு செல்லும் சுகாதார ஊழியர் இப்புகழுரையைக் கேட்டவுடன், மகிழ்வதற்குமுன் குழந்தையின் வயதையும் மஞ்சள் நிறத்தையும் கவனித்தல் நலம். இரண்டு வாரத்துக்கு மேலும் மஞ்சள் நீங்காத குழந்தைக்குச் செய்யும் சோதனைகளில் தைராய்டுச் சோதனையும் இடம்பெற வேண்டும்.

அடையாளங்கள் தோன்றும்வரை காத்திருப்பதே தாமதம் என்பதால், பிறந்து 48 மணி நேரத்துக்குப்பின் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்துளியைக் கொண்டோ, தொப்புள்கொடி ரத்தத்தைக் கொண்டோ எல்லாக் குழந்தைகளையும் சோதிப்பதே சிறந்தது. 48 மணி நேரம் என்று குறித்ததற்குக் காரணம் உண்டு. பிறந்த முதல் நாளில் குளிர் தாக்கியதும் டி.எஸ்.எச். இயல்பாகவே பன்மடங்கு எழுந்து, பின்னர் இறங்குகிறது. அந்நாளில் குதிகாலில் எடுத்தால் நல்ல குழந்தைக்கும் எண் உயர்ந்து காணும். 48 மணிக்குப்பின் எடுத்ததில் 20 யூனிட்டுக்கு மேற்பட்டால் குழந்தையைத் திரும்ப அழைத்து மறுசோதனை செய்யவேண்டும். 40க்கு மேற்பட்டாலோ, அன்றே நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துவிட்டு, விடைக்குக் காத்திராமல் குழந்தை மருத்துவர் மாத்திரையைத் தொடங்கிவிடுவார். பெரியவர்களுக்குக் கூறப்படும் ‘மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம்’ என்ற சொல் இங்கே ஒருபோதும் பொருந்தாது.

எல்லாப் பிறப்பிடங்களிலும் இச்சோதனை நடைபெறுகிறது என்று கருதிவிட முடியாது. நடைபெற்ற இடத்திலும், தாய் மூன்றாம் நாள் வீடு திரும்பியபின் சீட்டு மருத்துவமனையிலேயே தங்கிவிடுவதுண்டு. வாடகை வீடு மாறி, தொலைபேசி எண்ணும் மாறிய குடும்பத்தைத் தேடிப்பிடித்து, குழந்தையை மறுசோதனைக்குக் கொண்டுசேர்ப்பது களப்பணியாளர் ஒருவராலேயே இயலும். ஆய்வுக்கூடத்தின் நுட்பம் அனைத்தும் இறுதியில் அவருடைய கால்நடையைச் சார்ந்திருக்கிறது.

வகுப்பறையில் காணக்கூடியவை

பள்ளிப் பருவத்தில் தோன்றும் தைராய்டுக் குறைவை முதலில் காணக்கூடியவர் ஆசிரியரே. அதன் தலையாய அறிகுறி உயரம் நின்றுபோவதாகும். இரண்டு ஆண்டுகளுக்குமுன் வரிசையின் நடுவில் நின்ற மாணவி இன்று முதலாவதாக நிற்கிறாள். அவள் குள்ளமாகவில்லை, மற்றவர்கள் வளர்ந்துவிட்டார்கள். பள்ளியின் உயரப் பதிவேட்டை ஆண்டுதோறும் ஒழுங்காக எழுதிவந்தால் இது தானே வெளிப்படும். தூக்கமும் சோர்வும் மிகும். வகுப்பில் அமைதியாக இருப்பதால் இத்தகைய பிள்ளை ஆசிரியரின் கவனத்துக்கு வராமலே போவதும் உண்டு. உயரம் நின்றுபோன குழந்தைக்கு டி.எஸ்.எச். உயர்ந்திருந்தால் குழந்தை நோய் நிபுணரிடம் அனுப்பத் தயங்கலாகாது.

இதற்கு நேர்மாறான நிலையும் வகுப்பில் தெரியும். அழகாக எழுதிவந்த சிறுவனின் கையெழுத்துக் கோணுகிறது, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, நிறைய உண்டும் மெலிகிறான், விரல் நடுங்குகிறது, சிறு சொல்லுக்கும் அழுகிறான். இவனைக் குறும்பன் என்று தண்டிக்குமுன் நாடியை எண்ணிப்பார்ப்பது நன்று. ஓய்விலும் நாடி மிக விரைவாக ஓடினால் தைராய்டு மிகுதியை ஐயுறவேண்டும்.

மற்றொரு வகைக் குழந்தை நகரத்தில் இப்போது மிகுதி. வயதுக்கேற்ற உயரமும் அதற்கு மிஞ்சிய பருமனும் உடையது, டி.எஸ்.எச். 5 அல்லது 6. பெற்றோர் பருமனுக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று ஆறுதல் அடைகின்றனர். உண்மையில் பருமனே டி.எஸ்.எச்.ஐச் சற்று உயர்த்துகிறது. தைராக்ஸினும் உயர வளர்ச்சியும் சரியாக இருக்குமாயின் பெரும்பாலும் அது நோயன்று. உணவும் விளையாட்டும் சீர்ப்பட்டால் எண்ணும் இறங்கிவிடும். டவுன் நோய்க்குறி உடைய குழந்தைகளும், இன்சுலின் தேவைப்படும் நீரிழிவுடைய குழந்தைகளும் இதற்கு விலக்கு. இவர்களுக்குத் தைராய்டு நோய் எளிதில் வருமாதலால் தவறாமல் சோதித்துவர வேண்டும்.

கர்ப்பிணியும் பெற்ற தாயும்

கருவின் தைராய்டு முழுமையாக வேலை செய்யத் தொடங்குவதற்குள் கர்ப்ப காலத்தின் ஏறத்தாழப் பாதி கழிந்துவிடுகிறது. அதுவரை தாயின் தைராக்ஸினே குழந்தையின் மூளைக்கு ஆதாரம். முன்னரே மாத்திரை உண்டுவரும் பெண் கருவுற்றால் அவளுடைய தேவை முதல் சில வாரங்களிலேயே கால்பங்குக்கு மேல் உயர்கின்றது. ஆகவே மாதவிலக்குத் தவறிய செய்தியுடன் அவள் அதே வாரத்தில் மருத்துவரிடம் செல்லவேண்டும். அதற்கிடையில் எக்காரணத்தாலும் மாத்திரையை நிறுத்தலாகாது. கர்ப்பத்தில் மருந்து கூடாது என்ற பொது நம்பிக்கையினால் மூத்தவர்களே இம்மாத்திரையை நிறுத்திவிடும் வழக்கம் கவலைக்குரியது.

கர்ப்பிணியின் எண்ணைப் பொது எல்லையோடு ஒப்பிடவும் கூடாது. முதல் மூன்று மாதங்களில் கர்ப்பத்தின் ஹார்மோன் ஒன்று தைராய்டைத் தானே தூண்டுவதால் டி.எஸ்.எச். இயல்பாகவே தாழும். மேல் எல்லையாக 2.5 என்ற அளவை மேனாட்டார் ஒரு காலத்தில் வகுத்திருந்தனர். டில்லியில் திமார்ப்பூரிலுள்ள அணு மருத்துவ நிலையமான இன்மாஸைச் சேர்ந்த டாக்டர் ஆர். கே. மார்வாஹா முதலியோர், நலமுள்ள இந்தியக் கர்ப்பிணிகளைச் சோதித்து 2008இல் வெளியிட்ட அளவுகளில் மேல் எல்லை 5ஐ ஒட்டி அமைந்திருந்தது. அதாவது, வேற்று நாட்டு அளவுகோலைக் கொண்டு அளந்தால் இங்கே நலமுள்ள பெண்களுள் பலர் நோயாளிகளாகிவிடுவர். அளவுகோல்பற்றி மருத்துவரிடையே இன்றும் முழு ஒற்றுமை இல்லை. ஆதலால் களப்பணியாளர் எல்லைக்கோட்டில் நின்று வாதிட வேண்டுவதில்லை. எல்லைக்கு வெளியே காணும் கர்ப்பிணியின் சீட்டு எதுவாயினும் அதை அவ்வாரத்திலேயே மருத்துவர் பார்க்குமாறு செய்தால் போதும். டி.எஸ்.எச். 10ஐத் தாண்டியவர், தைராக்ஸின் தாழ்ந்தவர், தைராய்டு மிகுதிக்கு மருந்து உண்பவர், முன்னொரு காலத்தில் உண்டவர் ஆகியோர் நிபுணரின் பார்வையில் இருக்கவேண்டியவர்கள்.

பிரசவத்துக்குப் பின்னர் வரும் ஒரு நோயை இவ்விடத்தில் விரிவாகக் கூறவேண்டும்; எளிதில் தப்பிவிடுவது அதுவே. பிரசவத்தில் மிகுந்த ரத்தப்போக்கு ஏற்பட்டால், பருத்திருந்த பிட்யூட்டரிச் சுரப்பிக்கு ரத்தம் போதாமல் அதன் பெரும்பகுதி அழிந்துவிடலாம். இதை ஷீஹன் நோய் என்பர். மருத்துவ வசதி நிறைந்த நாடுகளில் இது அரிது. இந்தியாவில் அவ்வளவு அரிதன்று. காஷ்மீரில் நடத்தப்பெற்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு, பிள்ளை பெற்ற பெண்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு மூவருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது. இத்தகைய தாய்க்குப் பால் சுரப்பதில்லை, மாதவிலக்குத் திரும்புவதில்லை, ஆண்டுக்கணக்கில் சோர்வும் குளிரும் தலைச்சுற்றலும் அவளை வாட்டுகின்றன. டி.எஸ்.எச். மட்டும் சோதித்தால் அது சரியாகவே காணப்படும். ஏனெனில் அதைச் சுரக்கவேண்டிய சுரப்பியே பழுதுபட்டிருக்கிறது. ‘தைராய்டு ஒன்றுமில்லை’ என்ற சொல்லுடன் அவள் வீடு திரும்புகிறாள்.

தைராக்ஸினையும் சேர்த்துச் சோதித்தால் அது தாழ்ந்திருப்பது தெரியவரும். ஆயினும் அவசரப்பட்டுத் தைராக்ஸின் மாத்திரை கொடுப்பது ஆபத்தாகும். பிட்யூட்டரி கெட்டவருக்கு அட்ரினல் சுரப்பியும் உறங்கிக் கிடக்கும். தைராக்ஸின் உடலின் வேகத்தைக் கூட்டும்போது, அதைத் தாங்குவதற்கு வேண்டிய கார்ட்டிஸால் இல்லாமல் ரத்த அழுத்தம் வீழ்ந்து நோயாளி மரணத்தின் வாயிலை எய்தலாம். முதலில் கார்ட்டிஸால், அதன் பின்னரே தைராக்ஸின் என்பது முறை. ஆகவே, ‘பிரசவத்தில் ரத்தம் மிகுதியாகப் போயிற்றா? பால் வந்ததா?’ என்ற இரண்டு கேள்விகள், சில வேளைகளில் விலையுயர்ந்த சோதனைகளைவிட அதிகம் தெரிவிக்கும்.

டி.எஸ்.எச். தாழ்ந்தவர்கள்

டி.எஸ்.எச். 0.1க்கும் கீழே தாழ்ந்திருந்தால் நிபுணரின் ஆலோசனை தேவை. முதியவர்களுக்கு இது இதயத் துடிப்பை ஒழுங்கற்றதாக்கும், எலும்பைத் தேயச்செய்யும். அத்துடன் காய்ச்சலும் மனக்குழப்பமும் மிகுந்த படபடப்பும் காணின் அன்றே மருத்துவமனையில் சேர்க்கவேண்டும். கண் பிதுங்கிச் சிவந்து வலிப்பதும், உருவம் இரண்டாகத் தெரிவதும், பார்வை மங்குவதும் அவசரமானவையே.

ஹார்மோன் மிகுதி எல்லாம் ஒரே நோயன்று என்பதை மறக்கலாகாது. சுரப்பி உண்மையிலேயே மிகையாக உற்பத்தி செய்யலாம். அல்லது, பிள்ளை பெற்ற சில மாதங்களில் நேர்வதுபோல், அழற்சியினால் சேமிப்பிலிருந்தது கசிந்துவிடலாம். முன்னதற்குக் கார்பிமஸோல் போன்ற மருந்து தேவை. பின்னதற்கு அது பயனற்றது. அழற்சி தானே தணிந்து, பின்னர்த் தைராக்ஸின் குறையவும் கூடும். கதிரியக்கப் படத்தில் முன்னது ஒளிர்ந்தும் பின்னது மங்கியும் தோன்றும். 1961 முதல் டில்லியில் இயங்கிவரும் இன்மாஸ் போன்ற நிலையங்கள் இவ்வேறுபாட்டைக் காண உதவுகின்றன. கர்ப்பிணிகளுக்கு மட்டும் இப்படம் எடுக்கலாகாது.

கார்பிமஸோல் உண்பவருக்குக் காய்ச்சலும் தொண்டைவலியும் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு, அன்றே ரத்தத்தின் வெள்ளணுக்களை எண்ணச் செய்யவேண்டும். அருகிய சிலருக்கு இம்மருந்து வெள்ளணுக்களை அடியோடு இல்லாமலாக்கிவிடும். மழைக்காலத்துக்குப் பின்னர் டில்லியில் டெங்கு பரவும் மாதங்களில், இதையும் அக்காய்ச்சலாகவே எண்ணி விட்டுவிட இடமுண்டு.

கழுத்துக் கட்டியைப்பற்றி ஒரு சொல். டி.எஸ்.எச். சரியாக இருப்பதால் கட்டி தீங்கற்றது என்று கொள்ளக்கூடாது. தைராய்டுப் புற்றுநோய் உடையவர் பெரும்பாலோருக்கு அந்த எண் சரியாகவே இருக்கும். பெரும்பான்மையான கட்டிகள் தீங்கற்றவை என்பது உண்மையே. எனினும் கெட்டியான கட்டி, விரைந்து வளரும் கட்டி, குரல் மாற்றம், விழுங்குவதில் தடை, கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியவை இருப்பின் சோதனைச் சீட்டை ஒதுக்கிவைத்துவிட்டு நோயாளியை அனுப்பவேண்டும்.

அனுப்ப வேண்டாதவர்கள்

இனி, வரிசையை நீளச்செய்யும் பெருந்தொகையினரைப்பற்றிப் பார்க்கலாம். டி.எஸ்.எச். 4க்கும் 10க்கும் இடையே, தைராக்ஸின் சரியாக உள்ள பெரியவர் கர்ப்பிணியல்லாதவராயின் இரண்டு மூன்று மாதங்களுக்குப்பின் மறுசோதனை செய்துகொள்ளலாம். பலருக்கு அது தானே சரியாகிவிடும். முதுமையில் இந்த எண் இயல்பாகவே சற்று ஏறுகின்றது. 65 வயதைக் கடந்த எழுநூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு ஐரோப்பாவில் நடத்தப்பெற்று 2017இல் வெளியான சோதனையில், இத்தகையவர்களுக்குத் தைராக்ஸின் கொடுத்ததால் சோர்வோ பிற குறைகளோ நீங்கியதாகத் தெரியவில்லை.

காய்ச்சலோ வேறு கடும்நோயோ கண்டு தேறிவரும்போது எடுத்த சோதனையை நம்பலாகாது. நோய்க்காலத்தில் உடல் தன் வேகத்தைத் தானே தாழ்த்திக்கொள்கிறது, தேறும்போது டி.எஸ்.எச். சிறிது உயர்ந்து பின் அடங்குகிறது. உடல் முழுவதையும் சோதிக்கும் ‘பேக்கேஜ்’ திட்டங்களை விளம்பரத்தில் கண்டு, டெங்கு நீங்கிய மறுவாரமே சோதித்துக்கொண்டவரின் சீட்டு இவ்வகையைச் சேர்ந்தது. முடி உதிர்வதற்காகப் பயோட்டின் மாத்திரை உண்பவருக்குச் சில ஆய்வுக்கூட முறைகளில் டி.எஸ்.எச். பொய்யாகத் தாழ்ந்தும் தைராக்ஸின் பொய்யாக உயர்ந்தும் காணும். இரண்டு மூன்று நாள் அதை நிறுத்திவிட்டு மீண்டும் சோதித்தால், நோய் மறைந்துவிடும்!

டி.எஸ்.எச். 10க்கு மேற்பட்ட சாதாரணப் பெரியவருக்கு ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவரே மாத்திரை தொடங்கலாம். மருந்தின் அளவு உடல் எடையைப் பொறுத்தது. முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல ஏற்றவேண்டும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்குமுன் மறுசோதனை செய்வதில் பயனில்லை. தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகுமாதலால் எண் நிலைபெறச் சில வாரங்கள் செல்லும்.

மாத்திரை உண்டும் எண் இறங்காதவரை உடனே அனுப்பிவிடாமல் சிலவற்றை விசாரிக்கவேண்டும். மாத்திரையை வெறும் வயிற்றில் நீருடன் உண்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்கிறாரா, அல்லது காலைத் தேநீருடனேயே விழுங்குகிறாரா? இரும்புச் சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் அதனுடனே உண்ணப்படுகின்றனவா? அவற்றுக்கிடையே நான்கு மணி நேரம் இருத்தல் வேண்டும். டில்லியின் கோடையில் மாத்திரைப் புட்டி அடுப்பங்கரை அலமாரியிலோ சன்னலோரத்திலோ வெப்பத்தில் கிடக்கிறதா? நலமாயிற்று என்று இடையில் நிறுத்தினாரா? இவை அனைத்தும் சரியாக இருந்தும் எண் இறங்காவிடில் அப்போது அனுப்பலாம். இதய நோயாளிகள், அமியோடரோன் அல்லது லித்தியம் என்னும் மருந்துகளை உண்பவர்கள் ஆகியோரை இவ்வளவு காத்திருக்க வைக்காமல் முன்னரே அனுப்பிவிட வேண்டும். தைராய்டுக் குறைவு நெடுநாள் கவனியாமல் விடப்பட்ட முதியவர் ஒருவர், வடநாட்டுக் குளிர்காலத்தில் உடல் சில்லிட்டு, கூப்பிட்டால் கண் திறவாமல் கிடந்தால், அது உறக்கமன்று. உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

அனுப்பும் கடிதம்

வெறும் சீட்டுடன் வரும் நோயாளிக்கு நிபுணர் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கவேண்டியிருக்கிறது. ஆகவே கையால் எழுதிய அரைப்பக்கக் கடிதம் ஒன்று உடன் செல்லவேண்டும். அதில் டி.எஸ்.எச்., தைராக்ஸின் ஆகியவற்றின் எல்லா எண்களும் அவை எடுக்கப்பட்ட தேதிகளும், அந்த ஆய்வுக்கூடம் குறித்துள்ள எல்லைகளும், அப்போது நோயாளிக்கு வேறு நோய் இருந்ததா என்பதும், உண்ணும் மருந்துகள் அனைத்தும், நாடித்துடிப்பும் எடையும் இருக்கட்டும். பெண்ணாயின் கர்ப்பத்தின் வாரமும், கடைசிப் பிரசவத்தின் விவரமும் சேரவேண்டும். குழந்தையாயின் உயரப் பதிவேட்டின் படியை இணைக்கலாம். ஆசிரியர் எழுதித்தரும் இரண்டு வரியும் பயன்படும். கைக்குழந்தையாயின் பிறந்த தேதியையும் நேரத்தையும், ரத்தம் எடுத்த நேரத்தையும் மணிக்கணக்கில் எழுதி, கடிதத்தின் தலைப்பிலேயே ‘அவசரம்’ என்று குறித்து, அனுப்புவதற்குமுன் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிடுவது நல்லது. மறுவாரம் அவ்வீட்டுக்குச் சென்று, குழந்தை போய்ச் சேர்ந்ததா, மாத்திரை தொடங்கப்பட்டதா, அதைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துக் கொடுக்கத் தாய் கற்றுக்கொண்டாளா என்று பார்த்துவருவதும் அனுப்பியவருடைய வேலையில் அடங்கியதே.